எதிர்வீடும் எதிரொலியும்: நியூட்டனின் மூன்றாம் விதியில் விசை, வினை, எதிர்வினை

ஆய்வுச்சுருக்கம்

நியூட்டனின் மூன்றாம் இயக்க விதி கல்வி வழக்கில் ‘வினை, எதிர்வினை’ என்னும் இணைச்சொற்களால் அறியப்படுகிறது. அவ்விதியில் முன்பின் என்னும் கால வரிசைக்கு இடமில்லை. ஆனால் அதைச் சுமக்கும் சொற்கள் இலத்தீனிலும் தமிழிலும் கால வரிசையை உணர்த்துபவை. இம்முரண் எவ்வாறு தோன்றியது, இயக்கவியலை விட்டு வேதியியலுக்கும் அரசியலுக்கும் சென்ற சொல் என்ன பொருள் பெற்றது, தமிழ்க் கலைச்சொற்கள் இவ்விடரில் எதைத் திருத்தின, எதைக் கூட்டின என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விசை, வினை, எதிர்வினை, மறுதாக்கம், கலைச்சொல்லாக்கம், இயக்கவியல் வரலாறு.

ஒரு விதி, இரு பாதிகள்

1687இல் வெளிவந்த ‘பிரின்சிப்பியா’வில் ஐசக் நியூட்டன் தம் மூன்றாம் விதியை ஒரே வாக்கியத்துள் இரண்டு முறை கூறுகிறார். ‘ஆக்டியோ’ எனப்படும் செயலுக்குச் சமமானதும் எதிரானதுமான ‘ரியாக்டியோ’ எப்போதும் உண்டு என்பது முதற்பாதியின் கருத்து. ‘அதாவது’ என்னும் பொருளுடைய ஓர் இணைப்புச் சொல்லை அடுத்து வரும் இரண்டாம் பாதி, இரு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று நிகழ்த்தும் செயல்கள் எப்போதும் சமமாகவும் எதிரெதிர்த் திசைகளிலும் அமையும் என்கிறது. இரண்டும் ஒன்றே என்பது நியூட்டனின் கருத்து. சொல்லளவில் அவை ஒன்றல்ல. முதற்பாதி ஒன்றைச் செயல் என்றும் மற்றொன்றை அதற்கு மறுமொழி போன்றது என்றும் பெயரிட்டுப் பிரிக்கிறது. இரண்டாம் பாதி இரண்டையும் செயல் என்றே அழைக்கிறது; எது முந்தையது, எது பிந்தையது என்னும் வினாவே அங்கு எழுவதில்லை. உலகெங்கும் பள்ளிகளில் மனப்பாடமானது முதற்பாதியே. இரண்டாம் பாதி பெரும்பாலும் உதிர்ந்துபோயிற்று.

விதியைத் தொடர்ந்து நியூட்டன் தரும் எடுத்துக்காட்டுகள் இரண்டாம் பாதியின் சார்பிலேயே நிற்கின்றன. விரல் கல்லை அழுத்தினால் கல்லும் விரலை அழுத்துகிறது. கயிற்றில் கட்டிய கல்லைக் குதிரை இழுத்தால் குதிரையும் அதே அளவுக்குக் கல்லை நோக்கி இழுக்கப்படுகிறது. கல் உயிரற்றது, குதிரை உயிருள்ளது என்னும் வேறுபாடு கணக்கில் வரவில்லை. அடுத்து வரும் விளக்கவுரையில், மோதல் பற்றி ரென், வாலிஸ், ஹைகன்ஸ் ஆகியோர் கண்டறிந்தவற்றை நினைவுகூர்ந்து, ஊசல் உருண்டைகளை மோதவிட்டுத் தாம் செய்த சோதனைகளை விவரிக்கிறார். ஈர்ப்புக்கும் இவ்விதி பொருந்தும் என்பதற்கு அவர் தரும் சான்று எளியது: காந்தக்கல்லையும் இரும்பையும் தனித்தனிக் கலங்களில் இட்டு நீரில் அருகருகே மிதக்கவிட்டால், அவை ஒன்றையொன்று தொட்டபின் எப்பக்கமும் நகராமல் நின்றுவிடுகின்றன. காந்தம் இழுப்பது, இரும்பு இழுபடுவது என்னும் உலக வழக்கு உண்மையானால் அவ்விணை ஏதேனும் ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

நியூட்டனுக்கு முன் ‘ரியாக்டியோ’

நியூட்டன் இச்சொல்லைப் புதிதாகப் படைக்கவில்லை. ‘தோற்றமும் அழிவும்’ என்னும் நூலில் அரிஸ்டாட்டில், செயல்புரிவதும் செயலுக்கு உட்படுவதும் ஒரே வகைப் பருப்பொருளைச் சார்ந்தவையாயின் செயல்புரிவதும் மாறுதலுக்கு உள்ளாகும் என்றார். மருத்துவக் கலை நோயாளியால் மாறுவதில்லை. உண்ணப்படும் உணவோ உடலில் செயல்புரியும்போதே தானும் வெப்பமோ குளிர்ச்சியோ அடைகிறது என்பது அவர் காட்டும் வேறுபாடு. இடைக்கால இலத்தீன் அறிஞர் இதைத் தனிச் சிக்கலாக வளர்த்தனர். சூடான பொருள் குளிர்ந்ததைச் சூடாக்கும் அதே வேளையில் குளிர்ந்தது சூடானதைக் குளிர்விப்பது எவ்வாறு? இத்தாலியில் பொம்பொனாட்சி 1515இல் ‘ரியாக்டியோ’ குறித்தே ஒரு நூல் எழுதினார்.

அவ்விவாதத்தின் அடிப்படை எண்ணம் கவனத்திற்குரியது. செயல்புரிவது வலியது, செயலை ஏற்பது எளியது. வலியது எளியதை வெல்வதால்தான் செயல் நிகழ்கிறது. அவ்வாறாயின் எளியது வலியதன்மேல் எவ்வாறு செயல்பட முடியும் என்பதே அறிஞரைத் தடுமாறச் செய்த கேள்வி. மறுசெயல் உண்டெனினும் அது குறைந்ததாகவே இருக்க வேண்டும். நியூட்டன் ‘சமம்’ என்னும் ஒரு சொல்லால் இந்த ஏற்றத்தாழ்வை நீக்கினார்; ஆனால் ஏற்றத்தாழ்வைச் சுமந்து பழகிய பெயரையே அதற்கு வைத்துக்கொண்டார். பிற்காலக் குழப்பம் பலவற்றுக்கு இதுவே ஊற்றுக்கண் எனலாம்.

விசை என்னும் சொல்லின் நெகிழ்ச்சி

‘விசை’ எனத் தமிழில் வழங்கும் ‘விஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் நிலையும் உறுதியானதன்று. நியூட்டனே அதை ஒன்றுக்கு மேற்பட்ட பொருளில் ஆள்கிறார். ஒரு பொருள் தன் நிலையில் தொடர்வதற்குரிய இயல்பும் அவருக்கு ‘உள்ளார்ந்த விசை’. வெளியிலிருந்து செலுத்தப்படுவதும் விசை. முன்னது இன்று ‘நிலைமம்’ எனப்படுகிறது. அதை எவரும் விசை என்பதில்லை.

1686இல் லைப்னிட்ஸ், தெக்கார்த்தைப் பின்பற்றியோர் விசையைத் தவறாக அளக்கின்றனர் என ஒரு சிறு கட்டுரையில் வாதிட்டார். இயங்கும் பொருளின் விசை, நிறையை வேகத்தால் பெருக்கிய அளவா, வேகத்தின் இருமடியால் பெருக்கிய அளவா என்னும் அப்பூசல் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஸ்ஃகிராவெசாண்ட் களிமண்ணில் பித்தளை உருண்டைகளை விழச்செய்து, குழியின் அளவு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது எனக் காட்டினார். எமிலி து ஷாத்லே 1740இல் வெளியிட்ட நூலில் லைப்னிட்சின் பக்கம் நின்றார். 1743இல் தலம்பேர் இதைச் சொற்போர் என ஒதுக்கினார். அது முழு உண்மையன்று. இரு தரப்பினரும் வெவ்வேறு அளவுகளை ஒரே பெயரால் அழைத்தனர். ஆனால் இரு அளவுகளும் இயற்கையில் மெய்யாகவே உள்ளவை. ஒன்று உந்தம் ஆயிற்று, மற்றது இயக்க ஆற்றல் ஆயிற்று.

இப்பிரிவினை முடியப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று. 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் அழிவின்மையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பில் இருப்பது விசையைக் குறிக்கும் ‘கிராஃப்ட்’ என்னும் ஜெர்மன் சொல்லே. பத்தாண்டு கழித்து ஃபாரடேயும் தம் சொற்பொழிவுக்கு விசையின் அழிவின்மை என்றே தலைப்பிட்டார். விசை அழிவற்றதன்று, எவரும் கையை எடுத்தவுடன் அழுத்தம் நின்றுவிடும். அழிவற்றது ஆற்றல். மொழி அதைப் பிரித்துச் சொல்லப் பழகாத காலத்தில், பெருமேதைகளின் எழுத்திலும் இரண்டும் ஒரே சொல்லுள் கிடந்தன என்பதை, மாணவர் விடைத்தாளில் சிவப்பு மையிடுவோர் எண்ணிப் பார்ப்பது நன்று.

இயக்கவியலை விட்டு வெளியேறிய சொல்

‘ரியாக்டியோ’வின் பிற்கால வாழ்வு விசையினதைவிடச் சுவையானது. ஆக்டியோ, ரியாக்டியோ என்னும் இணை ஐரோப்பியச் சிந்தனையில் கடந்த வழியை ஸ்டாரோபின்ஸ்கி 1999இல் வெளியிட்ட பிரெஞ்சு நூல் விரிவாக ஆராய்கிறது. வேதியியலில், பொருள்களின் நாட்டத்தைப் பற்றி பெரிமான் 1775இல் எழுதிய ஆய்வு, கூடுதலும் பிரிதலும் ஆகிய மாற்றங்களை ஈர்ப்பின் மொழியில் விளக்கியது. 1864இல் குல்ட்பெர்க், வாகே ஆகிய நார்வே அறிஞர் இருவரும் வேதி நாட்டத்தை விசையாகவே கருதிக் கணக்கிட முயன்றனர். அத்துறையில் ‘ரியாக்‌ஷன்’ நிலைத்தபோது அது தன் துணையை இழந்திருந்தது. அமிலமும் காரமும் கலந்து வினைபுரிகையில் எது ஆக்‌ஷன், எது ரியாக்‌ஷன் என எவரும் கேட்பதில்லை. நிகழ்வு முழுமைக்கும் அது ஒற்றைப் பெயர்.

அரசியலில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 1794 ஜூலை 27இல் ரோபெஸ்பியேர் வீழ்ந்தபின், புரட்சிக்கு எதிராக எழுந்த அலைக்குப் பிரெஞ்சு மொழியில் ‘ரெயாக்சியோன்’ என்னும் பெயர் நிலைத்தது. 1797இல் பெஞ்சமின் கோன்ஸ்தான் அரசியல் எதிர்வினைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, மனிதருக்கு எதிரான எதிர்வினை, கருத்துக்கு எதிரான எதிர்வினை என இரண்டாகப் பகுத்தார். இங்கு கால வரிசை இன்றியமையாதது: முதலில் புரட்சி, பின்னர் அதற்கு எதிர். சமத்துவமும் இல்லை, ஊசல் எவ்வளவு பின்னோக்கிச் செல்லும் என்பதே அச்சம். அப்பொருளிலிருந்து பிறந்த அரசியல் அடைமொழியைத் தமிழ், இயக்கவியல் சொல்லின் வழியாகப் பெயர்க்கவில்லை. ‘பிற்போக்கு’ என்று கூறி, ‘முற்போக்கு’ என்பதற்கு இணையாக வைத்தது. மூலச்சொல்லின் பின்வாங்கும் திசையைப் பற்றிக்கொண்டு இயற்பியல் உருவகத்தைக் கைவிட்ட இத்தமிழாக்கம் கூர்மையானது.

தமிழில் விசை

‘விசை’ தமிழில் பழஞ்சொல். கவணிலிருந்து விடுபடும் கல்லின் கடுவேகத்தைக் குறிக்கச் சங்கச் செய்யுளில் அது ஆளப்படுகிறது. வேகம், விரைவு, தாக்கி எழும் உந்துதல், பொறி எனப் பல பொருள்களை அகராதிகள் தரும். இக்காலத்தில் இச்சொல் பாடநூலில் ஒன்றாகவும் தெருவில் மற்றொன்றாகவும் வாழ்கிறது. விசைத்தறி, விசைப்படகு என்னும் தொடர்களில் அது எந்திர ஆற்றல். விசைப்பலகையில் அது விரலால் அழுத்தப்படும் பொத்தான். விசைத்தறி ஓடும் தெருவிலிருந்து வகுப்புக்கு வரும் மாணவர், விசை என்பது ஒரு பொருளுக்குள் இருப்பது, ஓட்டுவது, தீர்ந்துபோவது என்னும் எண்ணத்தோடு வருவதில் வியப்பில்லை. இரு பொருள்களுக்கு இடையே மட்டும் நிகழ்வது விசை என்னும் கருத்து அச்சொல்லின் அன்றாட வாழ்வில் எங்கும் இல்லை.

அடுத்துள்ள சொற்களில் தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் பிரிகின்றன. தமிழ்நாட்டில் ஆற்றல், திறன் எனப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் முறையே சக்தி, வலு. அங்குத் திணிவு என்பது இங்கு நிறை. விசை மட்டும் இரு கரைக்கும் பொது. மூன்றாம் விதிக்கு வரும்போது பிரிவு மீண்டும் தோன்றுகிறது: இங்கு வினை, எதிர்வினை, அல்லது விசை, எதிர்விசை, அங்குத் தாக்கம், மறுதாக்கம்.

வினை என்னும் சுமை

‘ஆக்டியோ’வுக்கு ‘வினை’ எனப் பெயரிட்டவுடன் அதனோடு ஓர் இலக்கண மரபும் ஓர் அறநெறி மரபும் உடன்வந்தன. தொல்காப்பியம் வினைச்சொல்லை அது காலத்தோடு தோன்றுவதைக் கொண்டே வரையறுக்கிறது. காலம் காட்டுவது வினையின் இலக்கணம். காலமே இல்லாத ஓர் உறவுக்கு அச்சொல்லே பெயராயிற்று.

அறநெறி மரபின் சுமை இதனினும் பெரிது. தினை விதைத்தவன் தினை அறுப்பான், வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்னும் பழமொழியில் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே ஒரு பருவம் கழிகிறது. சைவ சித்தாந்தம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினையை மூன்றாகப் பகுப்பதும் காலத்தை அடிப்படையாகக் கொண்டே. ஈட்டிய வினை கிடப்பில் இருந்து, உரிய பொழுதில் நுகர்ச்சிக்கு வருகிறது. இயக்கவியலில் இத்தகைய இருப்பு இல்லை. விரல் கல்லை அழுத்தாத நொடியில் கல் விரலை அழுத்துவதில்லை. நியூட்டனின் விதி வினைக்கொள்கையின் அறிவியல் வடிவம் என மேடைகளில் கூறப்படுவதுண்டு. இரண்டிலும் பயன் செய்தவனையே வந்தடைகிறது என்னும் ஒற்றுமை அக்கூற்றுக்குக் கவர்ச்சி தருகிறது. ஆனால் வினைக்கொள்கையின் உயிர்நாடியான காலத் தொலைவும், செய்தவனின் கருத்தும், நன்று தீது என்னும் பாகுபாடும் மூன்றாம் விதியில் இல்லை. ஒப்புமை இரு தரப்புக்கும் நன்மை செய்யவில்லை.

‘எதிர்’ என்னும் முன்னொட்டு மேலும் நுட்பமானது. எதிரொலி என்பதில் அது காலத்தால் பிந்தியது. முதலொலி இன்றி எதிரொலி இல்லை. எதிர்காலம் என்பதிலும் அது இனி வருவது. ஆனால் எதிர்வீடு என்பதில் காலமே இல்லை. ஒரு வீட்டுக்கு மற்றது எதிர்வீடு எனின் அதற்கும் இது எதிர்வீடே. எது முதலில் எதிரானது எனக் கேட்பது பொருளற்றது. இரண்டாம் பாதியில் நியூட்டன் கூறியது எதிர்வீட்டு ‘எதிர்’. மாணவர் காதில் விழுவது எதிரொலியின் ‘எதிர்’. இலங்கை வழக்கின் ‘மறு’வுக்கும் இதே இரட்டைத்தன்மை உண்டு: மறுகரையில் அது இடம், மறுநாளில் அது காலம். தாக்கு என்னும் அடிச்சொல்லோ தாக்குபவர், தாக்கப்படுபவர் என்னும் ஏற்றத்தாழ்வையும் உடன்கொணர்கிறது.

வேதியியலில் தமிழ் இவ்வகைச் சிக்கலுக்கு ஆட்படவில்லை. ‘ரியாக்‌ஷன்’ என்பதை எதிர்வினை எனப் பெயர்க்காமல் தமிழ்நாட்டு வழக்கு ‘வேதிவினை’ என்றது. இலங்கை வழக்கு ‘இரசாயனத் தாக்கம்’ என்றது. மூலமொழியில் தனித்து எஞ்சியிருந்த முன்னொட்டை இரு வழக்குகளும் தயக்கமின்றி நீக்கின. வினைபடுபொருள், வினைவிளைபொருள் என அடுத்தடுத்துப் பிறந்த சொற்களும் இயல்பாக அமைந்தன. இங்கு காலம் உண்டு, வினைவேகம் அளக்கப்படுகிறது. காலம் காட்டும் ‘வினை’க்கு இதுவே பொருத்தமான இடம்.

அன்றாடப் பேச்சு

இன்றைய பொதுவழக்கில் எதிர்வினை என்பது மறுமொழியின் உயர்நடை வடிவம். ஒரு கட்டுரைக்கு எழுதப்படும் மறுப்பு எதிர்வினை. தலைவர் ஒருவரின் பேச்சுக்கு மற்றவர் ஆற்றுவதும் எதிர்வினை. பேச்சுத்தமிழ் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டு மேலும் இரு பொருள்களை அளித்துள்ளது: முகத்தில் ரியாக்‌ஷன் இல்லை என்பதில் அது மெய்ப்பாடு, ஊசி போட்டதும் ரியாக்‌ஷன் ஆயிற்று என்பதில் அது ஒவ்வாமை. இவற்றால் இயற்பியலுக்குக் கேடில்லை.

கேடு வேறோரிடத்தில் உண்டு. கும்பல் வன்முறை நிகழ்ந்தபின் அதை ‘இயல்பான எதிர்வினை’ என்றும், நியூட்டன் விதிப்படி நேர்ந்தது என்றும் கூறும் வழக்கம் பொதுவாழ்வில் ஊன்றியுள்ளது. இக்கூற்று விதியின் ஒவ்வோர் உறுப்பையும் மீறுகிறது. விதியில் வரும் இரு விசைகளும் ஒரே இணையைச் சேர்ந்த இரு பொருள்களிடையே மட்டும் நிகழ்பவை; கும்பலின் அடி தொடர்பற்ற மூன்றாமவர்மேல் விழுகிறது. அவை ஒரே கணத்தவை; கும்பல் திரளக் காலமும் ஏற்பாடும் வேண்டும். அவற்றில் தேர்வு என்பது இல்லை. கல் எடுத்தவருக்கு எடுக்காமலிருக்கும் உரிமை இருந்தது. விதியின் பெயரைச் சொல்வதன் நோக்கம், முடிவெடுத்தவரைக் கண்ணுக்கு மறைப்பதே. கோன்ஸ்தான் 1797இல் மனிதருக்கு எதிரான எதிர்வினையைத் தனியே பிரித்துக் கண்டித்தபோது அதை இயற்கை நிகழ்வாக அவர் கருதவில்லை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மேசைமேல் புத்தகம்

1992இல் ஹெஸ்டெனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் ஆகியோர் விசைக் கருத்தைச் சோதிக்கும் வினாத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர். பெரிய லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மேல் மிகுந்த விசையைச் செலுத்தும் என்பது அதில் ஒரு வினா. லாரியே என்று விடையளிப்போர் பலர். நிறை மிகுந்ததே மிகுந்த விசையைத் தரும், மிகுதியாகச் செயல்படுவதே மிகுந்த விசையைத் தரும் என்னும் நம்பிக்கைகளை அவர்கள் ஒரு பட்டியலில் பதிவு செய்தனர். வலியது எளியதை வெல்லும் என்ற இடைக்கால எண்ணம், ‘ரியாக்டியோ’ பற்றிய விவாதத்தையே கேள்விப்படாத மாணவரிடம் மீண்டும் முளைக்கிறது. காரின் நசுங்கல் மிகுதியாவது விசை மிகுந்ததால் அன்று. சமமான விசை குறைந்த நிறைமேல் செயல்படுவதால் அதன் வேகமாற்றம் மிகுதி.

விதிக்கு ஒரு வரம்பும் உண்டு. தொலைவிலுள்ள இரு மின்னூட்டங்கள் அசையும்போது, ஒன்றின் அசைவு மற்றதை எட்ட ஒளியின் வேகத்தில் காலம் பிடிக்கிறது. லோரன்ட்சின் கோட்பாடு இதனால் மூன்றாம் விதியை மீறுகிறது எனப் போங்காரே 1900இல் சுட்டினார். மின்காந்தப் புலத்துக்கே உந்தம் உண்டு எனக் கொண்டபின்தான் கணக்கு நேரானது. மின்னூட்டத்தின் எதிர்வீடு தொலைவிலுள்ள மற்றொரு மின்னூட்டம் அன்று, அதைத் தொட்டுநிற்கும் புலமே என இதைக் கூறலாம்.

பள்ளி மட்டத்தில் மிகுந்த இடர் தருவது மேசைமேல் வைத்த புத்தகம். புத்தகத்தின் எடை கீழ்நோக்கி ஓர் அம்பாகவும், மேசை தரும் விசை மேல்நோக்கி மற்றோர் அம்பாகவும் வரையப்படுகின்றன. மேல்நோக்கிய அம்புக்கு எதிர்வினை எனப் பெயர். எனவே எடை வினை, மேசையின் விசை அதற்கு எதிர்வினை என மாணவர் கொள்கின்றனர். இரண்டும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுகின்றன. ஆகவே அவை மூன்றாம் விதியின் இணை ஆகா. புத்தகம் அசையாமல் இருப்பதால் மட்டுமே அவை சமம். மேசையை விரைந்து மேலே தூக்கினால் அச்சமம் குலைந்துவிடும்; மூன்றாம் விதியின் சமம் ஒருபோதும் குலையாது. எடையின் மெய்யான இணை, புத்தகம் புவியை மேல்நோக்கி இழுக்கும் விசை. மேசையின் விசைக்கு இணை, புத்தகம் மேசையைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை.

‘எதிர்விசை’ என்னும் மாற்றுச்சொல் இங்கு முழுமையாகக் கைகொடுப்பதில்லை. நடப்பவரின் கால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை காலை முன்னோக்கித் தள்ளுகிறது. அவரை முன்செலுத்துவது அந்த இரண்டாம் விசையே. அதற்கு எதிர்விசை எனப் பெயரிட்டால் நடையைத் தடுப்பது எது எனத் தேடும் மாணவர் அதையே சுட்டுவர். படத்தில் அம்பின் அருகே எதிர்வினை என்றோ எதிர்விசை என்றோ எழுதாமல், ‘மேசை புத்தகத்தைத் தள்ளும் விசை’, ‘தரை காலைத் தள்ளும் விசை’ என இரு பொருள்களின் பெயரையும் முழுமையாக எழுதும் முறை சற்று நீளமானது. அவ்வாறு எழுதிய தொடரில் இரு பெயர்களையும் இடம்மாற்றினால் இணை விசை தானே கிடைத்துவிடுகிறது. நியூட்டன் இரண்டாம் பாதியில் எழுதியதும் அதுவே.